மாமி பெயர் சொல்லாத சரக்கு

செய்தி வந்தபோது நான் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினிக்குள் குனிந்து நின்று, எண்ணெய்ச் சட்டியை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உத்தியோகம் அப்படிப்பட்டது. கைத்தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம்.

"சேர், சவரி கதைக்கிறன். உங்கட மாமி தவறிட்டா. கெதியா வாங்க."

நான் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் உண்டு. நான் கடை பார்க்கப் போனால், என்னை வெளியே இழுப்பதற்கென்றே யாராவது ஒருவர் இப்படி அழைப்பு எடுப்பது வழக்கம். மகள் பள்ளிக்கூடத்தில் விழுந்துவிட்டாள் என்று ஒருமுறை. ஒபிசில் பெரிய டொக்டர் தேடுகிறார் என்று இன்னொரு முறை. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒன்றும் இராது. திரும்பி வந்தால் கறுத்த எண்ணெய் கொட்டப்பட்டு, சட்டி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். முதலாளி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

"எந்தக் கடையால எடுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"பக்கத்து வளவுச் சவரி, சேர்," என்றார் அவர். அந்த நேரம் அவருடைய தொலைபேசிக்குள்ளால் எங்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கேட்டது. ஜனாஸா அறிவித்தல் என்று தொடங்கி, என் மாமியின் பெயரை இரண்டு தரம் சொன்னது. மரண அறிவித்தலைக்கூட இன்னொருவர் உறுதிப்படுத்தினால்தான் நம்புகிறவனாக நான் ஆகியிருந்தேன். சட்டியை அப்படியே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

மாமியை அறிந்தவர்களுக்காகவும் அறியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மாமியின் முழுப் பெயர் சித்தி ரஹீமா; அந்தப் பெயரைக் கண்டக்குழி ஊரில் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவரை முகம் பார்த்துத் தெரிந்த ஆண்கள் மிகக் குறைவு. பதினான்கு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்த நானே அவரைப் பெரும்பாலும் ஒரு குரலாகவும், திரைச்சீலைக்குக் கீழே தெரியும் இரண்டு பாதங்களாகவும்தான் அறிந்தேன். மாமி மருமகன் முன்னால் வருவதை மார்க்கம் தடுக்கவில்லை. அது எங்கள் பக்கத்து வெட்கம். குசினி வாசலில் ஒரு சீலை தொங்கும்; பேச வேண்டியதை அதற்கு அந்தப் பக்கம் நின்று பேசுவார்கள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். நானும் புத்தளத்திலிருந்து அப்படித்தான் போனேன். ஆனால் போகும்போது ஒரு பொய்யோடு போனேன். சிறுவயதிலிருந்தே எனக்கு இழுப்பு. மற்ற மாதங்களில் அடங்கிக் கிடக்கும். மார்கழி பிறந்து வாடைக்காற்றும் பனியும் தொடங்கினால் விடியற்காலை, சுபஹு தொழுகை நேரத்தில் நெஞ்சு விசிலடிக்கும். சம்பந்தம் பேசிய அன்று, மாமி சீலைக்குப் பின்னால் நின்று ஒரேயொரு கேள்வி கேட்டாராம்: "மாப்பிள்ளைக்கு நோய் நொடி ஏதும் இரிக்கா?" மாமா நெஞ்சு வருத்தத்தில் இளவயதிலேயே மௌத்தானவர். அதனால் கேட்டிருக்கிறார். என் மூத்த சகோதரி, ராத்தா, கண் சிமிட்டாமல் "ஒண்டும் இல்ல" என்று சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

கலியாணத்துக்குப் பிறகு மனைவி பஸ்லியாவிடம் மறைக்க முடியவில்லை. முதல் பனிக்காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். அழுதாள், கோபித்தாள், பிறகு உம்மாவுக்குச் சொல்வதில்லை என்று வாக்குத் தந்தாள். அன்று தொடக்கம் மூச்சு இழுக்கும் பம்ப் என் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் குடியிருந்தது. வெளியில் தெரிந்தால் ஏமாற்றிக் கட்டிவைத்தார்கள் என்ற பேச்சு வரும். என் நிலைமை அதைவிட மோசம். கடை கடையாகப் போய், மறைக்காதே, கலக்காதே என்று ஊருக்குச் சட்டம் சொல்கிறவன் நான். என்னிடமே ஒரு மறைப்பு இருப்பது தெரிந்தால் எந்த முகத்தோடு ஒருவரின் குசினிக்குள் நுழைவது? இதுதான் எனக்குப் பதினான்கு வருடமாக இருந்த பயம்.

பயந்தவனுக்குச் சந்தேகம் கூடுதல். போதாததற்கு, குடிபோகும் முதல்நாள் ராத்தா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "பொஞ்சாதி வீட்டுல தார முதல் கோப்பையப் பாத்துக் குடி தம்பி. உள்ளுக்கு ஏதும் போட்டுத் தந்தாங்கண்டா, பொறகு நீ உம்மாட வாசப்படி மிதிக்க மாட்டாய்." இடுமருந்துக் கதை. மருமகனைக் கைக்குள் போட்டுக்கொள்ள மாமிமார் சாப்பாட்டில் எதையோ கலப்பார்கள் என்பது. படித்தவன் நான், விஞ்ஞானம் தெரிந்தவன், அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. இருந்தாலும் சோற்றைப் பிசைவதற்கு முன் ஒருமுறை மோந்து பார்த்துக்கொள்வேன். தொழில் பழக்கம் என்று பஸ்லியாவிடம் சொன்னேன்.

நுவரெலியா மலைக்குளிரில் இருப்பவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். எங்கள் கரையிலும் குளிர் உண்டு. மார்கழி, தை மாதங்களில் களப்புப் பக்கமிருந்து வரும் காற்றில் ஈரம் இருக்கும். விடியற்காலையில் கிணற்றுத் தண்ணீர் சூடாகவும் தரை சில்லென்றும் இருக்கும். அந்த இரண்டு மாதமும் மாமியின் குசினி வேறு ஒரு ஒழுங்கில் நடந்தது. சுபஹு தொழுகை முடிந்த கையோடு ஒரு கோப்பை கொத்தமல்லித் தண்ணீர். எட்டு மணிக்குத் தேங்காய்ப்பூ ரொட்டியும் கட்டைச் சம்பலும். ரொட்டி மாவை வெந்நீரில்தான் பிசைவார். "பச்சத் தண்ணியில பெசஞ்சா ரொட்டி ஆறினவுடன சப்பாத்துத் தோல்" என்பார். பின்னேரம் அவித்த வத்தாளங்கிழங்கு, அல்லது பயறு வறுத்து இடித்த உருண்டை. அதோடு இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ, கடித்துக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டி. மழை விடாமல் பெய்து வீதி தண்ணீருக்குள் போகும் நாட்களில் குரக்கன் கூழ். எல்லாம் எளிய சாமான். வீட்டிலே இருப்பதை வைத்துச் செய்வது.

கடைச் சாமான் எதையும் மாமி நம்பமாட்டார். பேக்கரிப் பணிஸ் வீட்டுக்குள் வந்தால், "இதுட நிறம் சரியில்ல" என்று பூனைக்குப் போய்விடும். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் எல்லாம் வீட்டிலே காயவைத்து இடித்தது. ஒருமுறை விருந்தினர் கொண்டுவந்த மஞ்சள்தூளைச் சீலைக்குக் கீழால் என் பக்கம் தள்ளினார். "மகன், இத ஒருக்காப் பாருங்க. செங்கல் தூளெண்டு எனக்கு ஒரு எண்ணம்." தண்ணீரில் கரைத்துப் பார்த்தேன். அடியில் செம்மண் மாதிரி ஏதோ தங்கியது. "நான் சொன்னன்தானே," என்று அந்தப் பக்கமிருந்து ஒரு திருப்தியான குரல் வந்தது. உலகத்தைச் சந்தேகப்படுவதில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி. ஆனால் நான் சந்தேகப்பட்ட ஆட்களில் அவரும் ஒருவர்.

அந்தக் கொத்தமல்லித் தண்ணீரிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. குடிபோன முதல் மார்கழியில், ஐந்தாறு நாள் நல்ல கோப்பை வந்தது. அதற்குப் பிறகு ஒருநாள் அதில் ஒரு கசப்பு. கொத்தமல்லி கசக்காது. கருப்பட்டி கசக்காது. நான் நாக்கில் வைத்து யோசித்தேன். அடுத்த நாளும் அதே கசப்பு. அன்று காலை பல் துலக்கிக்கொண்டு நின்றபோது பின்வேலியில் ஒரு காட்சி கண்டேன். பக்கத்து வளவுச் சவரி அண்ணன், கடலுக்குப் போய் வந்த சாரத்தோடு, பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலத்தை வேலிக்கு மேலால் நீட்டினார். மாமியின் கை அதை வாங்கி முந்தானைக்குள் வைத்தது. இரண்டு பேரும் ஒரு சொல் பேசவில்லை. ராத்தா சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் வந்தது.

அன்று நான் செய்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கோப்பையைக் குடிப்பதுபோல அறைக்குள் கொண்டுபோய், மாதிரி எடுக்கும் போத்தல் ஒன்றில் பாதியை ஊற்றி மூடினேன். கை தன் பழக்கத்துக்குப் போனது. ஒபிஸ் துண்டை ஒட்டி, பொருள்: கொத்தமல்லிப் பானம், எடுத்த இடம்: கண்டக்குழி, யாரிடமிருந்து: சித்தி ரஹீமா என்று எழுதித் திகதியும் போட்டேன். கொழும்பில் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் ஒரு கூட்டாளிக்குக் காட்டலாம் என்பது எண்ணம். போத்தலைத் தோல்பைக்குள் போட்டுவிட்டு மறந்தும்விட்டேன். அடுத்த நாள் பெருமழை. கூரை ஒழுகிப் பை நனைந்துபோனது. நான் வேலைக்குப் போயிருந்த நேரம், பாவம் கடதாசிகள் நனையுமே என்று பையை அவிழ்த்து, உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து அடுப்பங்கரையில் காயவைத்தவர் மாமி. அவருக்கு நன்றாக வாசிக்கத் தெரியும்.

பின்னேரம் நான் வந்து உட்கார்ந்தபோது கடதாசிகள் மேசையில் அடுக்கியிருந்தன. போத்தல் அவற்றின் மேல் நின்றது. சீலைக்குக் கீழே இரண்டு பாதங்கள்.

"மகன்," என்றார் மாமி. "அந்தப் போத்தல்ல இருக்கிறது நேத்தையது. பழுதாப் போயிருக்கும். சோதிக்கிறதெண்டா புதுசா எடுங்க. நான் ஊத்தித் தாரன்."

நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒபிஸ் வேலை, ஊரில் எல்லா வீட்டிலும் எடுக்கிறோம் என்று ஏதோ உளறினேன். "ஓம், ஓம்," என்று மட்டும் சொன்னார். பாதங்கள் நகர்ந்தன. பஸ்லியாவிடம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் விடியற்காலை குசினிக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. மாமி, முன்னறை வரைக்கும் கேட்கும்படி, சரக்குகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் போட்டுக்கொண்டிருந்தார். "கொத்தமல்லி ஒரு பிடி. வேர்க்கொம்பு ஒரு துண்டு, தட்டினது. மிளகு பத்து. நற்சீரகம் கொஞ்சம். உள்ளி நாலு பல்லு. கருப்பட்டி ஒரு கட்டி. அவ்வளவுதான்." பிறகு கோப்பை வந்தது. அடுத்த நாளும் அப்படியே. அந்தப் பனிக்காலம் முழுவதும், அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பனிக்காலமும், பதினான்கு வருடம், ஒருநாள் தவறாமல் அந்த ஆறு பெயரும் சொல்லப்பட்டன. வேலிக்கு அந்தப் பக்கம் போகிறவர்களுக்குக்கூட மனப்பாடம் ஆகியிருக்கும்.

வேறொருவன் வெட்கத்தில் செத்திருப்பான். நான் இன்னும் கொஞ்சம் சந்தேகப்பட்டேன். ஏனென்றால் கசப்பு நிற்கவில்லை. அவர் சொன்ன ஆறில் எதுவும் கசக்காது. "அவ்வளவுதான் சேர்" என்று சொல்கிற கடைக்காரர் எல்லாருக்கும் பின்னால் ஓர் அறை இருக்கும் என்பது என் அனுபவம். ஆகவே இங்கே ஏழாவது ஒன்று இருக்கிறது என்று முடிவுகட்டினேன். அப்படியென்றால் ஏன் குடித்தேன் என்று கேட்பீர்கள். குடிக்காமல் விட்டால் பஸ்லியா கேட்பாள். அதைவிட முக்கியம், குடித்த நாட்களில் நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்தது. அதற்கும் நான் வேறு காரணம்தான் தேடினேன். இந்த வருடம் பனி குறைவு என்றேன், பம்ப் நல்லது என்றேன்.

ஒரு தை மாதம் வீட்டார் எல்லாரும் புத்தளத்தில் ஒரு கலியாணத்துக்குப் போனார்கள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு நின்றேன். அவர்கள் போனதும் குசினிக்குள் போய் ஒரு கடையைப் பரிசோதிப்பதுபோல ஒழுங்காகப் பரிசோதித்தேன். ஒவ்வொரு டின்னையும் திறந்தேன், மோந்தேன், விரலில் தொட்டு நக்கினேன். என் உத்தியோக வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான குசினியை நான் கண்டதில்லை. ஏழாவது சரக்கு எங்கேயும் இல்லை. எல்லாவற்றையும் இருந்தபடி வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

அவர்கள் வந்து அரை மணித்தியாலம் ஆகவில்லை. சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மகன், பருப்பு டின்ட மூடி அரிசி டின்ல கிடக்கு. எலியா, நீங்களா?"

"எலியா இரிக்கும் மாமி," என்றேன்.

"அப்ப பொறி வைக்கத்தான் வேணும்," என்றார் மாமி. அதற்குப் பிறகு எனக்குக் காய்ச்சல் என்பதால் ஒரு கிண்ணம் பூண்டுக் கஞ்சி வந்தது.

கடைசியில் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். அது போன பனிக்காலம். "மாமி, இதுல வேற என்னவோ போடுறீங்க. என்ன அது?" சீலை அசையவில்லை. "சொல்றதெல்லாம் சொல்லித்தான் போடுறன் மகன். சொல்லாதத நீங்க கேக்காம இரிக்கிறது நல்லம்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அது மிரட்டல் மாதிரி விழுந்தது. அன்று முழுவதும் மனம் சரியில்லை. நான் கேட்டதும் அவர் சொன்னதுமாக எங்களுக்குள் நடந்த மிக நீண்ட பேச்சு அதுதான்.

மரணச் செய்தி கேட்டு நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது முற்றத்தில் கதிரைகள் போட்டாயிற்று. காலை ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த மாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். பெண்கள் மையித்தைக் குளிப்பாட்ட ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பஸ்லியாவின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு எங்கே நிற்பது என்று தெரியாமல் வீட்டின் பின்பக்கம் போனேன்.

பின்வேலியில் சவரி அண்ணன் நின்றார். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலம். என்னைக் கண்டதும் முதலில் மறைக்கப் பார்த்தார். பிறகு நீட்டினார்.

"இது காலம குடுக்க வெச்சது சேர். குடுக்கக் கிடைக்கல்ல. இனி ஆருட்டக் குடுக்கிறது? உங்களுக்குரியதுதானே."

பிரித்துப் பார்த்தேன். நீளமான பச்சை இலைகள். ஆடாதோடை. நெஞ்சுச் சளிக்கும் இழுப்புக்கும் எங்கள் பக்கத்தில் அவித்துக் குடிக்கிற இலை. என் வாயில் அந்தக் கசப்பு வந்து நின்றது.

"எங்கட வீட்டுக்காரிக்கும் இழுப்புத்தான். அதால எங்கட வளவுல மரம் நிக்கிது," என்றார் சவரி அண்ணன். "நீங்க வந்த முதல் பனிக்காலமே மாமிக்கு விளங்கிட்டுது சேர். சுவருக்கு அங்கால மூச்சுச் சத்தம் கேக்காமலா விடும்? அடுத்த நாளே வந்து எங்கட வீட்டுக்காரியிட்டக் கேட்டவ. ரெண்டு இலை போதும், ஒருத்தருக்கும் சொல்லவேணாம் எண்டவ."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லல்ல?" என்று கேட்டேன். "மத்ததெல்லாம் ஊர் கேக்கச் சொன்னாங்களே. இத மட்டும் ஏன் விட்டாங்க?"

அவர் என்னை ஒரு விளங்காத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஆடாதோடை எண்டு வாய்விட்டுச் சொன்னா, றோட்டுல போறவனுக்கும் விளங்கும்தானே சேர், அந்த வீட்டுல ஆருக்கோ இழுப்பு எண்டு. மருமகன் மறைச்சு வெச்சிருக்கிறத நான் ஏன் அவிழ்க்கணும் எண்டு சொன்னவ. அவர் ஊருக்குள்ள தலை நிமிந்து போற மனுசன் எண்டவ."

போத்தலில் தன் பெயரைப் பார்த்த அன்று அவருக்கு ஒரே ஒரு சொல் போதுமாக இருந்தது. இது இலை மகன், உங்கட நெஞ்சுக்குத்தான் போடுறேன் என்று சொல்லியிருந்தால், நான் அந்த இடத்திலேயே கூனிக் குறுகியிருப்பேன். சம்பந்தம் பேசிய அன்று தன்னிடம் பொய் சொன்னவர்களை அவர் பிடித்துக் கேட்டும் இருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. இடுமருந்து வைத்தவர் என்ற சந்தேகத்தைத் தன் மேல் போட்டுக்கொண்டு, என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். பதினான்கு வருடம் ஆறு சரக்கின் பெயரை உரக்கச் சொன்னது தன்னைக் காப்பாற்ற. ஏழாவதைச் சொல்லாமல் விட்டது என்னைக் காப்பாற்ற. நான் அங்கே நின்று சத்தமாக அழுதேன். சவரி அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த இடத்தில் என் தொழிலுக்கு மரியாதையாக ஒன்று சொல்லிவிட வேண்டும். இலையால் இழுப்பு மாறியது என்று நான் எழுதமாட்டேன். டொக்டர் தந்த பம்ப்பை நான் ஒருநாளும் விடவில்லை, நீங்களும் விடாதீர்கள். ஆனால் விடியற்காலையில் ஒருவர் எழுந்து, தன்னை நம்பாத ஒருவனுக்காக அடுப்பு மூட்டுவது என்ன குணம் தரும் என்பதை அளக்க எங்கள் ஒபிசில் கருவி இல்லை.

வெள்ளைக் கபன் துணி சுற்றிய பிறகு முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு நேரம், அவருடைய முகத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. புருவங்களுக்கு நடுவே ஒரு கோடு இருந்தது. எதையோ இன்னும் சரிபார்த்துக்கொண்டிருப்பது போன்ற முகம். பஸ்லியா என் கையைப் பிடித்தாள். "உம்மாக்குத் தெரியும்," என்று அவளுக்கு மட்டும் கேட்கச் சொன்னேன். அவளுக்கு விளங்கியது. உம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று அவளும், மகளுக்குத் தெரியக்கூடாது என்று உம்மாவுமாக ஒரே வீட்டில் பதினான்கு வருடம் என்னைக் காத்திருக்கிறார்கள்.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாத் தொழுகை. எங்கள் பக்கத்தில் அதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. மையித்தின் குடும்பத்து ஆண் ஒருவர் எழுந்து, இறந்தவர் யாருக்காவது மனம் நோகச் செய்திருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஊரிடம் கேட்க வேண்டும். மாமிக்கு ஆண் பிள்ளைகள் இல்லை. சகோதரர்களும் இல்லை. மௌலவி என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

எழுந்து நின்றேன். பள்ளி நிறைந்து, வெளி முற்றம் வரைக்கும் ஆட்கள். அதில் பாதிப்பேரின் குசினிக்குள் நான் போயிருக்கிறேன். சிலருக்கு எச்சரிக்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன். எல்லாரும் சொல்கிற வசனத்தை நானும் சொன்னேன். "எங்கட மாமி உங்கள்ல யாருக்காவது சொல்லாலயோ செயலாலயோ ஏதும் குத்தம் செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க." அதோடு உட்கார்ந்திருக்கலாம். வழக்கம் அவ்வளவுதான். ஆனால் யாருக்கு யார் மன்னிப்புக் கேட்பது என்று நினைத்து நின்றுகொண்டேயிருந்தேன். அந்தக் குத்தம் குறை எதையும் நான் அவரிடம் கண்டதில்லை, தேடித் தேடியும் கண்டதில்லை.

"இன்னும் ஒண்டு இரிக்கி," என்றேன். "மாமி உங்க எல்லாருக்கும் ஒரு விஷயத்த மறைச்சாங்க. அது எனக்காக மறைச்சது. எனக்குச் சின்ன வயசுல இருந்தே இழுப்பு. அத மறைச்சுத்தான் நான் இந்த ஊருக்கு மாப்பிள்ளையா வந்தேன். அவங்களுக்கு அது தெரிஞ்சும், ஒருத்தருக்கும் சொல்லல்ல. எனக்கும்கூடச் சொல்லல்ல. நான் அவங்களத்தான் சந்தேகப்பட்டேன். மறைச்ச குத்தம் ஏதும் இருந்தா அது என்டது. அவங்களப் பொறுத்துக்கொள்ளுங்க."

பள்ளிக்குள் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு மூச்சு இரைத்தது. அது எல்லாருக்கும் கேட்டிருக்கும். என் பதினான்கு வருடப் பயம் முழுக்க அந்த அமைதிக்குள் நின்றது. முன் வரிசையில் மீன்வாடி வைத்திருக்கும் முதியவர் ஒருவர் இருந்தார். போன வருடம் அவருடைய வாடியை நான் ஒரு கிழமை மூடவைத்தவன். அவர் மெல்ல எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தெரியும் மகன்," என்றார். "நீங்க எங்கட வாடிப் படியில ஏறக்குள்ள நெஞ்சு சத்தம் போடும். இந்த ஊருல எல்லாருக்கும் தெரியும். அந்த மனுசி ஒருத்தரையும் கதைக்க விடல்ல, எங்களுக்கும் கதைக்க விருப்பம் இல்ல." பிறகு ஆட்களின் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்: "நாங்க பொறுத்துட்டோம். ரெண்டு பேரையும் பொறுத்துட்டோம். தொழுகைய வைங்க."

"பொறுத்துட்டோம்" என்று பின் வரிசைகளிலிருந்தும் குரல் வந்தது. மௌலவி தக்பீர் கட்டினார்.

போய் வாருங்கள் மாமி. உங்கள் கபுறை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்கட்டும். உங்களுக்காக ஊரிடம் மன்னிப்புக் கேட்க எழுந்தவன், எனக்கான மன்னிப்பை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அதுவும் நீங்கள் எனக்காக ஊரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தது என்றுதான் எனக்குச் சந்தேகம்.